ஒரு கட்டடம், ரெண்டு பள்ளிக்கூடம்: லிட்டில் ராக் சென்ட்ரலுக்கு என்ன மார்க் போடுவது?

ஒரு பள்ளிக்கூடம் நல்ல பள்ளிக்கூடமா இல்லையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? இன்றைக்கு இதுதான் கேள்வி. கேட்க ரொம்பச் சாதாரணமா இருக்கும். ஆனா இந்தக் கேள்விக்கு ஒரு வரலாறு இருக்கு. அதை ஒரே ஒரு பள்ளிக்கூடத்தை வைத்துச் சொல்லப் போகிறேன்.

பள்ளியின் பெயர் லிட்டில் ராக் சென்ட்ரல் ஹை ஸ்கூல். அமெரிக்காவின் தென்பகுதியில் ஆர்கன்சா என்று ஒரு மாநிலம். ஆங்கிலத்தில் எழுதும்போது கடைசியில் ஒரு 'எஸ்' வரும், சொல்லும்போது வராது. அதன் தலைநகர் லிட்டில் ராக். அந்த நகரத்துக்குள் இருக்கும் பெரிய அரசுப் பள்ளி இது. ஒன்பதாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை, இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள். கறுப்பின மாணவர்கள் பாதிக்கு மேல். வெள்ளையர்கள், லத்தீன் அமெரிக்கக் குடும்பங்களின் பிள்ளைகள், ஆசியர்கள் என்று எல்லாரும் படிக்கிறார்கள்.

வரலாறு படிச்சவங்களுக்கு இந்தப் பேரைக் கேட்டதும் 1957 ஞாபகம் வரும். ஒன்பது கறுப்பினப் பிள்ளைகள், துப்பாக்கியோட நிற்கிற ராணுவம், அந்தக் கறுப்பு வெள்ளை போட்டோ. அந்தக் கதையும் வரும். ஆனா இன்னைக்கு நான் வேற ஒருத்தர் பக்கத்துல நின்னு பார்க்கப் போறேன். பிள்ளையை எந்த ஸ்கூல்ல சேர்க்கிறதுன்னு யோசிக்கிற அப்பா அம்மா பக்கத்துல. 1927-லிருந்து இன்று வரை இந்த வாசலில் நின்று குடும்பங்கள் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "இங்க சேர்க்கலாமா?" கேட்பவர் யார் என்பதைப் பொறுத்து ஒவ்வொரு முறையும் பதில் மாறியது.

அழகுக்கு முதல் பரிசு

பள்ளி திறந்த வருஷம் 1927. கட்ட ஆன செலவு 15 லட்சம் டாலர். அந்தக் காலத்தில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு இது மலைக்க வைக்கும் தொகை. ரெண்டு தெரு நீளத்துக்குக் கட்டடம். அமெரிக்கக் கட்டடக் கலைஞர்களின் சங்கமே நாட்டின் மிக அழகான உயர்நிலைப் பள்ளி என்று அதைப் பாராட்டியது. முன்வாசலுக்கு மேலே நான்கு சிலைகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர்: லட்சியம், ஆளுமை, வாய்ப்பு, ஆயத்தம்.

இதுதான் இந்தப் பள்ளி வாங்கிய முதல் மதிப்பெண்: கட்டடத்துக்கான மதிப்பெண். 1927-ல் ஒரு வெள்ளைக்காரக் குடும்பம் "நல்ல ஸ்கூலா?" என்று கேட்டிருந்தால், கையை நீட்டிக் கட்டடத்தைக் காட்டியிருப்பார்கள். அதோடு பேச்சு முடிந்திருக்கும்.

அதே ஊரில் கறுப்பினக் குடும்பங்களுக்கு அந்தக் கேள்வியே கிடையாது. தென் மாநிலங்களில் பள்ளிகள் நிறம் பார்த்துப் பிரிக்கப்பட்டிருந்தன. அவர்களுக்கென்று 1929-ல் டன்பார் என்ற பள்ளி திறந்தது. செலவு சுமார் 4 லட்சம் டாலர். அதிலும் ஒரு பங்கு ரோசன்வால்ட் அறக்கட்டளையிடமிருந்து வந்த நன்கொடை. சென்ட்ரலின் சின்னப் பதிப்பு போலவே அதைக் கட்டினார்கள். பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது, படிப்பும் நன்றாக இருந்தது. ஆசிரியர்கள் ஊரே மதிக்கும் ஆட்கள்.

இங்க கொஞ்சம் நிறுத்துவோம். டன்பார் மோசமான ஸ்கூல், சென்ட்ரல் நல்ல ஸ்கூல்னு நம்ம மனசு உடனே ஒரு கோடு போட்டுடும். அது சரியில்லை. காசும் ஆய்வகமும் புத்தகமும் ஒரு பக்கம் குவிந்து கிடந்தன. வெள்ளையர் பள்ளியில் பயன்படுத்தித் தேய்ந்த பாடப்புத்தகங்கள் கறுப்பினப் பள்ளிக்கு வந்தன. ஆனால் பிள்ளையின் பெயரைத் தெரிந்து வைத்திருக்கும் ஆசிரியர், 'நீ படிச்சே தீரணும்' என்று விரட்டும் ஆசிரியர் டன்பாரில் இருந்தார். ஒரு பள்ளியை அளக்க ஒன்றுக்கு மேற்பட்ட அளவுகோல் வேண்டும் என்பது இந்த ஊரில் அப்போதே தெரிந்துவிட்டது.

ஒன்பது குடும்பங்களின் கணக்கு

1954 மே 17. பள்ளிகளில் நிறம் பார்த்துப் பிரிப்பது சட்டவிரோதம் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. லிட்டில் ராக் பள்ளி மாவட்டத்தின் கண்காணிப்பாளர் வர்ஜில் பிளாசம் ஒரு திட்டம் போட்டார். படிப்படியாகச் செய்வோம், 1957-ல் சென்ட்ரலில் தொடங்குவோம் என்பது திட்டம்.

இந்தத் திட்டத்தில் ஒரு விஷயம் பலர் கண்ணில் படுவதில்லை. அதே 1957-ல் நகரின் மேற்குப் பக்கம், வசதியானவர்கள் வாழும் பகுதியில், ஹால் ஹை என்ற புதுப் பள்ளி திறந்தது. அங்கே வெள்ளையர்கள் மட்டும். ஆக, பணக்கார வெள்ளையர்களின் பிள்ளைகளுக்குப் புதுக் கட்டடம். கறுப்பினப் பிள்ளைகளோடு சேர்ந்து படிக்க வேண்டியது சென்ட்ரலில் மீதமிருந்த, பெரும்பாலும் உழைக்கும் வர்க்க வெள்ளையர்களின் பிள்ளைகள். "மாற்றமெல்லாம் எங்க வீட்டுப் பிள்ளைகள்கிட்ட மட்டும்தானா?" என்ற கோபம் அங்கே புகைந்தது. அதை ஊதிப் பெரிதாக்க அரசியல்வாதிகள் தயாராக இருந்தார்கள். அந்தக் கோபம் நிறவெறியை நியாயமாக்காது. ஆனால் வசதியானவர்களுக்கு எப்போதும் வெளியேற ஒரு வழி இருக்கும் என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னாடி இது திரும்ப வரும்.

கறுப்பின மாணவர்கள் பல டஜன் பேர் சேர ஆர்வம் காட்டினார்கள். மார்க், நடத்தை, குடும்பம் என்று சலித்துச் சலித்து, கடைசியில் ஒன்பது பேர். நிபந்தனையும் உண்டு: விளையாட்டு அணி கிடையாது, பாட்டுக்குழு கிடையாது, மன்றங்கள் கிடையாது. வகுப்புக்கு வரலாம், போகலாம், அவ்வளவுதான்.

அந்த ஒன்பது வீடுகளை நினைச்சுப் பாருங்க. பிள்ளை நல்லாப் படிக்குது. பழக்கமான ஸ்கூல்ல ஃப்ரெண்ட்ஸ் இருக்காங்க, ஆசிரியர்கள் பாசமா இருக்காங்க. இன்னொரு பக்கம் அதிகப் பாடங்கள், நல்ல ஆய்வகம், ஆனா வெறுக்கிற கூட்டம். எந்த ரேட்டிங்கும் இந்தக் கணக்கைப் போட்டுத் தராது.

1957 செப்டம்பர் 4. எலிசபெத் எக்ஃபோர்ட் என்ற 15 வயதுப் பெண் தனியாகப் பள்ளிக்கு நடந்தார். எல்லாரும் சேர்ந்து போகலாம் என்று முடிவாகியிருந்தது. எலிசபெத் வீட்டில் போன் இல்லாததால் செய்தி போய்ச் சேரவில்லை. ஆளுநர் ஓர்வல் ஃபாபஸ் நிறுத்திய தேசியக் காவல்படை அவரை வழிமறித்தது. பின்னால் ஒரு கூட்டம் கத்திக்கொண்டே வந்தது. நாம் பார்த்த அந்த போட்டோ அப்போது எடுத்ததுதான். செப்டம்பர் 24 அன்று அதிபர் ஐசனோவர் ராணுவத்தின் 101-வது வான்படைப் பிரிவை அனுப்பினார். மறுநாள், 25-ஆம் தேதி, ஒன்பது பேரும் முன்வாசல் வழியாக உள்ளே போனார்கள்.

வழக்கமாகக் கதை இங்கே முடியும். எனக்கு முக்கியமாகப் படுவது அதற்குப் பிறகு நடந்தது. ராணுவ வீரர்கள் தாழ்வாரம் வரைதான் கூட வர முடியும். வகுப்பறைக்குள்ளே, கழிப்பறைக்குள்ளே, விளையாட்டு உடை மாற்றும் அறைக்குள்ளே அவர்கள் வர முடியாது. அடியும் உதையும் அங்கேதான் விழுந்தன. வாசலைத் திறக்க ராணுவத்தால் முடிந்தது. வகுப்பறையைத் திறக்க அதனால் முடியவில்லை.

ஒன்பது பேரில் ஒருவரான மினிஜீன் பிரவுன், தொடர்ந்த தொல்லைக்கு எதிர்வினை காட்டியதற்காக 1958 பிப்ரவரியில் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டார். எர்னஸ்ட் கிரீன் அந்த மே 27 அன்று பட்டம் வாங்கினார். சென்ட்ரலில் படிப்பை முடித்த முதல் கறுப்பின மாணவர். பார்வையாளர் வரிசையில் மார்ட்டின் லூதர் கிங் உட்கார்ந்திருந்தார்.

பள்ளி மூடியது, ஃபுட்பால் நடந்தது

அடுத்த வருஷம் நடந்தது இன்னும் விசித்திரம். சேர்ந்து படிக்க வைப்பதைவிட மூடிவிடுவதே மேல் என்று ஃபாபஸ் முடிவெடுத்தார். 1958-59 கல்வியாண்டு முழுக்க ஊரின் நான்கு அரசு உயர்நிலைப் பள்ளிகளும் மூடிக் கிடந்தன. வெள்ளையர், கறுப்பினத்தவர் என்று 3,600-க்கும் அதிகமான மாணவர்கள் தெருவில் நின்றார்கள். 'தொலைந்த வருஷம்' என்று அந்த ஊரில் இன்றும் சொல்கிறார்கள்.

வகுப்பு இல்லை. ஆனால் ஃபுட்பால் போட்டிகள் மட்டும் நடந்தன. சிரிக்கிறதா அழுவுறதான்னு தெரியலை, இல்ல?

யாருக்கு எவ்வளவு நஷ்டம் என்று பார்த்தால் கணக்கு தெளிவாக இருக்கும். வெள்ளையர் பிள்ளைகளில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் ஏதோ ஒரு மாற்று வழி கண்டுபிடித்தார்கள்: தனியார் பள்ளி, வெளியூர்ச் சொந்தக்காரர் வீடு, அஞ்சல் வழிப் படிப்பு. கறுப்பினப் பிள்ளைகளில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு எந்தப் படிப்பும் கிடைக்கவில்லை. ஒரே கதவை எல்லாருக்கும் மூடினாலும் அடி எல்லார் மேலும் சமமாக விழாது.

1959-ல் பள்ளிகள் மறுபடி திறந்தன. ஹால் ஹையிலும் மூன்று கறுப்பின மாணவிகள் சேர்ந்தார்கள். ஆனால் லிட்டில் ராக்கில் எல்லா வகுப்புகளிலும் பிரிவினை முழுசாக நீங்க 1972 ஆனது. அந்த வருஷங்களில் வெள்ளையர் குடும்பங்கள் புறநகர்களுக்குப் போயின. புதுத் தனியார் பள்ளிகள் முளைத்தன. வெளியேற ஒரு வழி, சொன்னேனே, அதுதான்.

கட்டடத்துக்குள்ளே கோடு

இப்ப ஒரு நியாயமான கேள்வி வரும். எல்லாரும் போயிருந்தா சென்ட்ரலுக்கு என்ன ஆகியிருக்கும்? ஆனா எல்லாரும் போகலையே. வெள்ளையர் குடும்பங்கள் கணிசமா அங்கேயே இருந்தாங்க. ஏன்?

காரணம் ஏ.பி. வகுப்புகள். ஏ.பி. என்றால் பள்ளியிலேயே கல்லூரித் தரத்தில் நடத்தும் பாடம். தேர்வில் நல்ல மதிப்பெண் வாங்கினால் பல கல்லூரிகள் அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளும். பெரிய பள்ளியின் பெரிய பலம் இதுதான். 400 பேர் படிக்கும் பள்ளியில் உயர் இயற்பியல் வகுப்புக்கு நாலு பேர் கேட்டால், நாலு பேருக்காக ஆசிரியர் போட முடியாது. 2,000 பேர் படிக்கும் பள்ளியில் இருபது பேர் கிடைப்பார்கள், வகுப்பு நடக்கும். ஜெர்மன், லத்தீன், இசைக்குழு, விவாத அணி எல்லாம் இப்படித்தான் சாத்தியமாகிறது.

1998-ல் நியூஸ்வீக் பத்திரிகை அமெரிக்காவின் சிறந்த உயர்நிலைப் பள்ளிகள் என்று ஒரு பட்டியல் போட ஆரம்பித்தது. பத்திரிகையாளர் ஜே மேத்யூஸ் உருவாக்கிய கணக்கு. மிக எளிமையானது: பள்ளியில் எழுதப்பட்ட ஏ.பி. மாதிரியான தேர்வுகளின் எண்ணிக்கையை, அந்த வருஷம் படிப்பை முடிக்கும் மாணவர் எண்ணிக்கையால் வகுத்தால் போதும். எத்தனை பேர் பாஸ் என்று கேட்காது. அவர் நோக்கம் நல்ல நோக்கம்தான். ஏழைப் பிள்ளைகளுக்குக் கடினமான பாடம் வேண்டாம் என்று கதவைச் சாத்தும் பள்ளிகளுக்கு எதிராக, கதவைத் திறப்பவர்களைப் பாராட்ட நினைத்தார். அந்தப் பட்டியலில் சென்ட்ரல் நல்ல இடம் பிடித்தது.

ஆனால் அந்த வகுத்தல் கணக்கில் ஒரு ஓட்டை இருக்கு, கவனிச்சீங்களா? நூறு பேர் ஆளுக்கு ஒரு தேர்வு எழுதினாலும் நூறு, இருபது பேர் ஆளுக்கு அஞ்சு தேர்வு எழுதினாலும் நூறு. பட்டியலுக்கு வித்தியாசம் தெரியாது.

2007 செப்டம்பர் 25, சரியாக ஐம்பது வருஷம் கழித்து, எச்.பி.ஓ. தொலைக்காட்சியில் ஓர் ஆவணப்படம் வந்தது. எடுத்தவர்கள் பிரென்ட் ரெனோ, கிரெய்க் ரெனோ என்ற சகோதரர்கள். இருவருமே லிட்டில் ராக்கில் வளர்ந்தவர்கள். பள்ளிக்குள் கேமராவோடு போனார்கள். ஏ.பி. வகுப்பறையில் கேமரா நுழைகிறது: பெரும்பாலும் வெள்ளை முகங்கள். சாதாரண வகுப்பறையில் நுழைகிறது: பெரும்பாலும் கறுப்பு முகங்கள். பாதிக்கு மேல் கறுப்பின மாணவர்கள் படிக்கும் அதே பள்ளிதான் இது. மினிஜீன் பிரவுனும் அந்தப் படத்தில் வருகிறார். ஐம்பது வருஷம் கழித்து அதே கட்டடத்துக்குள் உட்கார்ந்து, மாணவர்கள் தனித்தனியாக உட்கார்ந்திருப்பதைப் பார்க்கிறார்.

இதை யாரும் சட்டம் போட்டுச் செய்யவில்லை, அதுதான் விஷயமே. எட்டாம் வகுப்பில் யார் எந்தக் கணக்குப் பாடம் எடுத்தார், எந்த அம்மாவுக்கு ஆலோசகரிடம் போய்ப் பேசத் தெரியும், எந்த அப்பாவுக்குப் பகலில் விடுப்பு கிடைக்கும் என்பது போன்ற சின்னச் சின்ன விஷயங்கள் சேர்ந்து போட்ட கோடு அது. ஜீனி ஓக்ஸ் என்ற கல்வி ஆய்வாளர் 1985-லேயே இதைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். மாணவர்களைத் தரம் பிரித்துத் தனித்தனி வகுப்பில் போடும்போது, அந்தப் பிரிவு பெரும்பாலும் வர்க்கத்தையும் நிறத்தையும் ஒட்டியே விழுகிறது என்று காட்டினார்.

நம்ம ஊர்ல ஒரு பழமொழி இருக்கே, அழுத பிள்ளைதான் பால் குடிக்கும்னு. பெரிய ஸ்கூலுக்கு இதைவிடப் பொருத்தமான வரி கிடையாது. எல்லாமே அங்க இருக்கும். கேட்கத் தெரிஞ்சவங்களுக்குக் கிடைக்கும்.

ஒன்றிலிருந்து பத்து வரை

இப்போதைய காலத்துக்கு வருவோம். அமெரிக்காவில் அரசுப் பள்ளி இலவசம். ஆனால் பெரும்பாலான ஊர்களில் எந்தப் பள்ளி என்பதை வீட்டு முகவரிதான் முடிவு செய்யும். பள்ளிக்கான பணத்தில் ஒரு பெரிய பங்கு உள்ளூர் சொத்து வரியிலிருந்து வரும். அதனால் வீட்டு விலையும் பள்ளியின் பெயரும் ஒட்டிப் பிறந்த ரெட்டைப் பிள்ளைகள் மாதிரி.

அங்க வீடு தேடுற நம்ம ஆட்கள் யாரையாவது உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். எங்க குடும்ப வாட்ஸ்ஆப் குரூப்ல ஒரு அண்ணன் வீட்டு லிங்க் போட்டா, ரூம் எத்தனைன்னு கேட்கிறதுக்கு முன்னாடி "ஸ்கூல் ரேட்டிங் எவ்வளவு?"ன்னு அத்தை கேட்பாங்க. ஆறுன்னா முகம் சுருங்கும், ஒன்பதுன்னா மலரும். அந்த நம்பர் எங்கேயிருந்து வருது?

1998-ல் தொடங்கிய கிரேட்ஸ்கூல்ஸ் என்ற நிறுவனம் பள்ளிகளுக்கு ஒன்றிலிருந்து பத்து வரை மதிப்பெண் போடுகிறது. ஜில்லோ மாதிரியான வீடு விற்கும் தளங்களில் வீட்டுப் படத்துக்குக் கீழேயே அந்த எண் வரும். பல வருஷங்களுக்கு அந்த எண்ணின் அடிப்படை, தேர்வில் மாணவர்கள் வாங்கிய சராசரி மதிப்பெண். அதில் என்ன தப்பு?

இதற்குப் பதில் 1966-லேயே வந்துவிட்டது. குடிமை உரிமைச் சட்டத்தின் கீழ் அமெரிக்க அரசு ஒரு பெரிய ஆய்வு செய்யச் சொன்னது. ஜேம்ஸ் கோல்மன் என்ற சமூகவியலாளர் தலைமையில் சுமார் 4,000 பள்ளிகள், லட்சக்கணக்கான மாணவர்கள். பிள்ளைகளின் மதிப்பெண் வித்தியாசத்தைப் பள்ளியின் வசதிகளைவிடக் குடும்பப் பின்னணிதான் அதிகம் விளக்குகிறது என்பது முடிவு. அப்படியானால் சராசரி மதிப்பெண்ணைப் பார்ப்பவர் பள்ளி என்ன சொல்லிக் கொடுத்தது என்பதைவிட, அங்கே யார் வீட்டுப் பிள்ளைகள் படிக்கிறார்கள் என்பதைத்தான் பெரும்பாலும் பார்க்கிறார்.

ஸ்டான்ஃபோர்ட் பேராசிரியர் ஷான் ரியர்டன் இதை இன்னொரு பக்கத்திலிருந்து பார்த்தார். பிள்ளை எங்கே நிற்கிறது என்று பார்க்காமல், ஒரு வருஷத்தில் எவ்வளவு தூரம் நகர்கிறது என்று பார்த்தார். சிகாகோ அரசுப் பள்ளிகளின் சராசரி குறைவு. ஆனால் மூன்றாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்புக்குள், அதாவது ஐந்து வருஷத்தில், அங்கே பிள்ளைகள் ஆறு வருஷத்துக்கான படிப்பைக் கற்றுக்கொண்டார்கள் என்று 2017-ல் காட்டினார். சராசரியை மட்டும் பார்த்த குடும்பம் சிகாகோ பக்கமே போயிருக்காது. கிரேட்ஸ்கூல்ஸும் பின்னாளில் தன் கணக்கை மாற்றி, வளர்ச்சிக்கும் வெவ்வேறு பிரிவு மாணவர்களின் நிலைக்கும் இடம் கொடுத்தது. ஆனாலும் கடைசியில் வருவது ஒரே ஒரு எண்.

இன்னொன்று சொல்லட்டுமா? 1957-ல் வசதியானவர்கள் ஓடிப்போய்ச் சேர்ந்த ஹால் ஹை ஞாபகம் இருக்கா? அரை நூற்றாண்டில் அந்தப் பகுதி வெள்ளையர்கள் பலர் அரசுப் பள்ளிகளை விட்டே போய்விட்டார்கள். 2014-ல் மாநில அரசு லிட்டில் ராக்கில் ஆறு பள்ளிகளைக் கல்வியில் பின்தங்கியவை என்று அறிவித்தது. அந்த ஆறில் ஹால் ஹை இருந்தது. சென்ட்ரல் இல்லை. 2015 ஜனவரியில் அதைக் காரணம் காட்டி மாவட்டப் பள்ளிகள் முழுவதையும் மாநிலமே எடுத்துக்கொண்டது. ஒரு காலத்தில் 'நல்ல ஸ்கூல்' என்றால் ஹால்தான். கட்டடம் நகரவில்லை. குடும்பங்கள் நகர்ந்தன. ரேட்டிங் பார்த்து நாம் எடுக்கும் முடிவுகள்தான் அடுத்த வருஷ ரேட்டிங்கை எழுதுகின்றன.

சரி, என்னதான் கேட்பது?

ரேட்டிங்கைத் தூக்கிப் போடுங்கன்னு நான் சொல்ல வரலை. பிள்ளை வாழ்க்கை, விளையாட்டு இல்லை. ஆனா சென்ட்ரல் மாதிரி ஒரு பெரிய, கலவையான ஸ்கூல் முன்னாடி நிற்கிற குடும்பத்துக்கு இந்த வரலாறு சில நல்ல கேள்விகளைக் கொடுக்குது.

முதலாவது, உயர்நிலை வகுப்புகளில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள்? பள்ளியில் பாதிப் பேர் ஒரு பிரிவினர் என்றால், ஏ.பி. வகுப்பிலும் ஏறத்தாழ அப்படி இருக்கிறதா? அமெரிக்கக் கல்வித் துறையின் குடிமை உரிமைப் பிரிவு 1968-லிருந்து பள்ளிவாரியாக இந்தத் தகவல்களைச் சேகரிக்கிறது. யார் அதிகம் இடைநீக்கம் செய்யப்படுகிறார்கள் என்பதும் அதில் உண்டு. பொதுமக்கள் யாரும் பார்க்கலாம்.

ரெண்டாவது, மொத்தச் சராசரியை விட்டுவிட்டு, பிரிவுவாரி முடிவுகளைக் கேளுங்கள். 2002-ல் வந்த சட்டத்திலிருந்து ஒவ்வொரு பள்ளியும் இதைத் தனித்தனியாக வெளியிட வேண்டும். ஏழைப் பிள்ளைகள் எப்படிப் படிக்கிறார்கள்? ஆங்கிலம் புதிதாகக் கற்பவர்கள் எப்படி? உங்கள் பிள்ளை அந்தப் பிரிவில் இல்லாவிட்டாலும் கேளுங்கள். பலவீனமானவர்களைக் கவனிக்கத் தெரிந்த பள்ளி, உங்கள் பிள்ளை சறுக்கும் வருஷத்திலும் கவனிக்கும்.

மூன்றாவது, பாதை மாற முடியுமா? ஒன்பதாம் வகுப்பில் சாதாரணக் கணக்கில் சேர்ந்த பிள்ளை பதினொன்றில் உயர் கணக்குக்குப் போன உதாரணம் இருக்கிறதா? யார் முடிவு செய்கிறார்கள்? மதிப்பெண்ணா, ஆசிரியரா, கேட்டு வாங்கும் பெற்றோரா?

நாலாவது, ஓர் ஆலோசகருக்கு எத்தனை மாணவர்கள்? அமெரிக்கப் பள்ளி ஆலோசகர் சங்கம் 250 என்கிறது. இதைவிட எண்ணிக்கை கூடக் கூட, அழாத பிள்ளைக்குப் பால் கிடைப்பது கஷ்டம்.

அஞ்சாவது, வகுப்பு நேரத்தில் போய்ப் பாருங்கள். சிறப்பு நாளில், அலங்காரம் பண்ணிய நாளில் வேண்டாம். ஒரு ஏ.பி. வகுப்பு, ஒரு சாதாரண வகுப்பு, ரெண்டையும் காட்டச் சொல்லுங்கள். முதலாவதை மட்டும் காட்டினால் அதுவே ஒரு பதில்.

இந்த அஞ்சு கேள்விக்கும் சென்ட்ரலே ஒரே மாதிரி பதில் சொல்லாது. ஒரு பிள்ளைக்கு அது நாட்டின் மிகச் சிறந்த பள்ளிகளில் ஒன்றாக இருக்கும். பக்கத்து வகுப்பில் இருக்கும் இன்னொரு பிள்ளைக்கு, யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடாத நாலு வருஷமாக இருக்கும். ரெண்டு பேரும் ஒரே கதவு வழியாகத்தான் உள்ளே வருகிறார்கள்.

1997-ல் நாற்பதாம் ஆண்டு விழாவில் அதே ஒன்பது பேர் மறுபடி வந்தபோது, அதிபர் கிளின்டன் தானே கதவைப் பிடித்துத் திறந்துவிட்டார். அடுத்த வருஷம் அந்த இடம் தேசிய வரலாற்றுத் தலமானது. ஆனாலும் பள்ளி அருங்காட்சியகம் ஆகிவிடவில்லை. 2023 ஆகஸ்டில்கூட, பள்ளி திறக்கச் சில நாட்கள் இருக்கும்போது, கறுப்பின அமெரிக்கர்களின் வரலாறு, பண்பாடு பற்றிய ஏ.பி. பாடத்தை மாநிலக் கல்வித் துறை தன் பாடப் பட்டியலிலிருந்து எடுத்தது. அந்தப் பாடத்தை முன்னோட்டமாக நடத்திய பள்ளிகளில் சென்ட்ரலும் ஒன்று. நாங்கள் தொடர்ந்து நடத்துவோம் என்று மாவட்டம் அறிவித்தது, நடத்தியது. என்ன படிக்கலாம், யார் படிக்கலாம் என்ற சண்டை அந்தக் கட்டடத்தில் இன்னும் ஓயவில்லை.

என்னைக் கேட்டா, அந்த ஸ்கூல்ல பிள்ளையைச் சேர்க்கலாமா? சேர்க்கலாம்னுதான் சொல்வேன். கூடவே ஒண்ணு. உங்க பிள்ளைக்கு ஏ.பி. வகுப்புல இடம் கேட்கப் போற அன்னைக்கு, கேட்க ஆள் இல்லாத பிள்ளைகளுக்கு இங்க யார் கேட்கிறாங்கன்னும் ஒரு வார்த்தை கேட்டுட்டு வாங்க.

அமெரிக்காவுல ஸ்கூல் தேடிட்டிருக்கிற அண்ணன், அக்கா, நண்பர் யாராவது இருந்தா இந்த எபிசோடை அவங்களுக்கு அனுப்புங்க. அவங்க அஞ்சு கேள்வியும் கேட்டுப் பார்த்தா என்ன பதில் வந்ததுன்னு எனக்கும் எழுதுங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.